சிற்றூர்ப் பொதுக் கட்டடங்களில் மின்சிக்கனம்: சிறுமலை, திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, நூலகம், நியாயவிலைக் கடை, பேருந்து நிலையம் ஆகியவை ஒரு சிற்றூரின் பொதுக் கட்டடங்கள் ஆகும். இக்கட்டடங்களில் அதே வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் தண்ணீரையும் முன்பைவிடக் குறைந்த மின்சாரத்தில் பெறச் செய்யும் மாற்றங்களை மின்சிக்கன மேம்பாடு என்கிறோம். பழைய குழல்விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்கு பொருத்துவது, மின்விசிறியை மாற்றுவது, கூரைச் சூட்டைத் தணிப்பது, நீரேற்று மோட்டாரைச் சீராக்குவது ஆகியவை இதில் அடங்கும்.

இது விளக்குகளின் வரலாறு போலத் தோன்றினாலும், உற்று நோக்கினால் பொறுப்பின் வரலாறாகவும் இருக்கிறது. கட்டடத்தைக் கட்டியவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர், மின்கட்டணம் செலுத்துபவர் மூன்றாமவர் என்ற நிலை சிற்றூர்களில் நெடுங்காலமாக உள்ளது. சேமித்த தொகை சேமித்தவரின் கைக்குத் திரும்பிய இடங்களில் மேம்பாடு நிலைத்தது. திரும்பாத இடங்களில், பொருத்திய கருவி பழுதானதும் பழைய நிலையே வந்தது. இக்கட்டுரை அந்த வரலாற்றைத் திண்டுக்கல் வட்டாரத்தின் பின்னணியில் கூறுகிறது.

சிறுமலையும் சமவெளியும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த சிறுமலை, திண்டுக்கல் நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏற வேண்டும். மலைவாழை, காப்பி, மிளகு, எலுமிச்சை, பலா ஆகியன இங்கு விளைகின்றன. சிறுமலை மலைவாழை புவிசார் குறியீடு பெற்றது. சாலை செல்லாத தோட்டங்களிலிருந்து விளைபொருள்களைக் குதிரைகள் மீது ஏற்றி வருவது இம்மலையின் தனி வழக்கம்.

மலையடிவாரத்தில் விரியும் சமவெளி இதற்கு நேர்மாறானது. திண்டுக்கல் நகராட்சி 1866இல் தோன்றியது, மாநகராட்சியானது 2014இல். 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. பூட்டு, தோல் பதனிடுதல், நூற்பாலை என்று தொழில்கள் பெருகிய வறண்ட பகுதி இது. கோடையில் வெயில் கடுமையாக இருக்கும்.

இந்த வேறுபாடு நம் பொருளுக்கு முக்கியமானது. மலைமேல் உள்ள பள்ளிக்கு, மேகமும் மழையும் சூழ்ந்த நாள்களில் வெளிச்சமே முதல் தேவை. சமவெளிப் பள்ளிக்குக் காற்று முதல் தேவை. ஆனால், அரசுக் கட்டடங்களுக்கான வரைபடமும் மின்பொருத்துகளின் பட்டியலும் பெரும்பாலும் மாநிலம் முழுவதற்கும் ஒரே அச்சில் வார்க்கப்படுபவை. அந்தந்த ஊரின் தட்பவெப்பத்தைக் கேட்காமல் போடப்படும் திட்டத்தில் மின்சார விரயம் வரைபடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

மின்சாரம் வருவதற்கு முந்தைய கட்டடங்கள்

மின்சாரம் இல்லாத காலத்தில் கட்டிய பொதுக் கட்டடங்கள், தம் வெளிச்சத்தையும் குளிர்ச்சியையும் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலக் கச்சேரிகளையும் பழைய பள்ளிகளையும் நினைத்துப் பார்த்தால் சில பொதுக் கூறுகள் தெரியும்: கனத்த செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம், எதிரெதிரே பெரிய சன்னல்கள், கூரைக்குச் சற்றுக் கீழே சூடான காற்று வெளியேறச் சிறு திறப்புகள்.

மெட்ராஸ் டெரஸ் என்னும் கட்டைக்குத்துத் தளம் இக்கட்டடங்களின் சிறப்பு. நெருக்கமாகப் போட்ட தேக்குக் கட்டைகளின்மீது மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் உடைகல்லும் சுண்ணாம்பும் கலந்த காரையை இட்டு, தட்டோடு பதிப்பார்கள். இத்தளம் பகல் சூட்டை மெதுவாகவே உள்ளே விடும். எளிய பள்ளிகளுக்கு ஓட்டுக் கூரை போடப்பட்டது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின், மங்களூர் ஓடு தென்னிந்தியா எங்கும் பரவியது. ஓடுகளுக்கு இடையே உள்ள சந்துகள் வழியே சூடான காற்று தானே வெளியேறும்.

தெருக்களில் மண்ணெண்ணெய் விளக்குக் கம்பங்கள் நின்ற காலம் அது. மாலையில் ஏணியுடன் வந்து விளக்கேற்றுபவர் நகராட்சிப் பணியாளர்களில் ஒருவர். எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம், எவ்வளவு எண்ணெய் என்ற கணக்கு கண்ணெதிரே இருந்தது. எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணையும். ஆகவே எரிபொருளை அளந்து பயன்படுத்துவது இயல்பாக நடந்தது. மின்சாரம் வந்தபின் மறைந்துபோனது இந்தக் கண்கூடான கணக்குதான்.

மின்சாரம் வந்த பாதை

தமிழகத்தில் அரசு மின்சாரத்தின் தொடக்கம் நீர்மின்சாரம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் 1937இலும் பாபநாசம் 1944இலும் தொடர்ந்தன. முதலில் மின்சாரம் பெற்றவை நகரங்களும் ஆலைகளும் தேயிலைத் தோட்டங்களுமே. விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டத்தின்படி மாநில மின்வாரியங்கள் உருவாயின. சென்னை மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று அமைந்தது. 1950, 60களில் சிற்றூர்களுக்கு மின்கம்பி இழுக்கும் பணியில் தமிழகம் இந்தியாவில் முன்னணியில் இருந்தது. கிணற்று மோட்டார்தான் அதன் முதன்மை நோக்கம். கம்பி வயலுக்குப் போகும் வழியில் ஊரின் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் இணைப்பு கிடைத்தது.

அதே காலத்தில் பொதுக் கட்டடங்களின் எண்ணிக்கையும் பெருகியது. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையான ஆண்டுகளில் சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு திட்டமும் ஒரு புதிய கட்டடத்தையும் ஒரு புதிய மின்இணைப்பையும் கொண்டுவந்தது எனலாம்.

கான்கிரீட் கூரையும் மின்விசிறியும்

1970களுக்குப் பிறகு அரசுக் கட்டடங்களில் கம்பி கட்டிய கான்கிரீட் தளமே வழக்கமாயிற்று. அது விரைவாகக் கட்டக்கூடியது, கறையான் அரிக்காது, புயலுக்குத் தாங்கும். தேக்குக் கட்டையும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் அருகி வந்ததும் ஒரு காரணம். ஆனால், நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் நண்பகல் வெயிலை உறிஞ்சி, பிற்பகலில் வகுப்பறைக்குள் கக்கும். கூரையின் உயரமும் குறைந்தது. தாழ்வாரம் ஒரு பக்கத்தோடு நின்றது. கட்டடம் தானே செய்துவந்த வேலையை மின்விசிறி செய்ய வேண்டியதாயிற்று.

அக்காலப் பொருத்துகளின் மின்செலவைப் பார்ப்போம். குண்டு பல்பு 60 அல்லது 100 வாட். தடித்த டியூப்லைட் 40 வாட். அதற்குரிய செம்புக்கம்பிச் சோக் மேலும் 12 முதல் 15 வாட் வரை வெப்பமாக வீணாக்கியது. கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட். சுவரில் பெரிய பெட்டி போல் இருந்த பழைய ரெகுலேட்டரைப் பலர் பார்த்திருப்பீர்கள். விசிறியின் வேகத்தைக் குறைத்தால், குறைந்த மின்சாரத்தின் ஒரு பகுதி அந்தப் பெட்டியிலேயே சூடாகிவிடும். ஆகவே வேகத்தைக் குறைத்தும் செலவு அதற்கேற்பக் குறையவில்லை. பின்னர் வந்த மின்னணு ரெகுலேட்டர் இக்குறையைப் பெரும்பாலும் நீக்கியது. மின்னணு சோக்கும் அவ்வாறே ஒவ்வொரு குழல்விளக்கிலும் சுமார் 10 வாட்டை மிச்சப்படுத்தியது. இவை சிறிய மாற்றங்கள். ஆயினும் சிற்றூர்க் கட்டடங்கள் கண்ட முதல் மின்சிக்கன மேம்பாடுகள் இவையே.

சட்டம் வந்தது, சிறிய கட்டடம் விடுபட்டது

1991 முதல் டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சிக்கன நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. எரிசக்திச் சிக்கனச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. அதன்படி 2002 மார்ச் 1 அன்று எரிசக்தித் திறன் செயலகம் தொடங்கியது. 2006இல் அது கொண்டுவந்த நட்சத்திரக் குறியீட்டை இன்று எல்லோரும் அறிவர். குளிர்பெட்டி, குளிரூட்டி, குழல்விளக்கு போன்றவற்றின் மேல் ஒட்டப்பட்ட அந்தச் சிறு தாள், கருவியின் விலையோடு அதன் மின்செலவையும் சேர்த்துப் பார்க்க மக்களைப் பழக்கியது. கூரை மின்விசிறிக்கு இக்குறியீடு கட்டாயமானது 2023இல்தான். நம் பள்ளிகளில் அதிகம் சுழலும் கருவிக்கே குறியீடு கடைசியாக வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007இல் வெளியாயிற்று. சுவர், சன்னல், கூரை, விளக்கு, குளிரூட்டல் ஆகியவற்றுக்கு அது அளவுகோல் வகுத்தது. ஆனால் அது பெரிய கட்டடங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. சட்டத்தில் முதலில் 500 கிலோவாட் இணைப்புச் சுமை என்றிருந்த வரம்பு, 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 100 கிலோவாட்டாகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைந்த வரம்பையும் இரண்டு வகுப்பறை கொண்ட ஒரு தொடக்கப் பள்ளி எட்டாது. ஐந்து கிலோவாட் சுமைகூட இல்லாத கட்டடங்களே ஊராட்சிகளில் மிகுதி. தனித்தனியே அவை சிறியவை. மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்த்தால் பெரியவை. கட்டட விதி அவற்றைத் தொடாமலேயே கடந்தது.

மின்வெட்டு கற்பித்த பாடம்: 2008 முதல் 2015 வரை

சட்டம் செய்யாததை மின்பற்றாக்குறை செய்தது. 2008இல் தொடங்கி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தமிழகம் கடும் மின்வெட்டைச் சந்தித்தது. உயரழுத்த இணைப்புகளுக்கு 2008 நவம்பர் முதல் 40 விழுக்காடு வரை கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2012இல் தேவைக்கும் வழங்கலுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 மெகாவாட் பள்ளம் விழுந்தது. சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் ஒரு நாளின் பாதி நேரம்கூட மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன. காற்றாலைகள் சுழலும் மே முதல் செப்டம்பர் வரை சற்று மூச்சுவிட முடிந்தது. பிறகு மீண்டும் இருள். வேடசந்தூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகள் டீசல் மின்னாக்கிகளை ஓட்டித் தவித்தன. அந்த ஆண்டுகளில் பொதுத்தேர்வுக்குப் படித்தவர்களுக்கு மெழுகுவர்த்தி வெளிச்சம் நினைவிருக்கும்.

பொதுக் கட்டடங்களில் இதன் விளைவு இரண்டு வகையாக அமைந்தது. ஒன்று, மின்சாரம் இல்லாவிட்டால் எந்த அறை இருட்டும், எந்த அறை புழுங்கும் என்பது வெட்டவெளிச்சமாயிற்று. பழைய ஓட்டுக் கட்டடத்தில் வகுப்பு தொடர்ந்தது. தாழ்ந்த கான்கிரீட் அறையிலிருந்து பிள்ளைகள் மரத்தடிக்கு வந்தார்கள். இரண்டு, இன்வெர்ட்டர் வாங்கிய இடங்களில் மின்சிக்கனம் தானாக வந்தது. மின்கலத்தின் கொள்ளளவு வரம்புக்குட்பட்டது. 75 வாட் விசிறிகள் நான்கை ஓட்டினால் அது விரைவில் இறங்கிவிடும். எந்த விளக்கு அவசியம், எந்த விசிறி அவசியம் என்று அலுவலகங்கள் முதன்முறையாக எண்ணிப் பார்த்தன. மண்ணெண்ணெய்க் காலத்தின் கண்கூடான கணக்கு சிறிது காலம் திரும்பி வந்தது எனலாம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது உயிர் சார்ந்த கேள்வி. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். இதற்கெனப் பயன்படும் பனிப்படலக் குளிர்பெட்டியின் உட்சுவரில் பனிக்கட்டி உறைந்து நிற்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேர மின்சாரம் கிடைத்தாலே அது குளிரைக் காத்துவிடும். நல்ல வெப்பக்காப்பு எவ்வளவு மின்சாரத்துக்குச் சமம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வகுப்பறைப் பாடத்தில் கிடைக்காது.

எல்இடி காலம்

நீல ஒளி உமிழும் டையோடைக் கண்டறிந்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளி கிடைத்தபிறகே வெண்ணிற எல்இடி விளக்கு சாத்தியமானது. ஆனால் சிற்றூருக்கு அது எட்டியதற்குக் காரணம் கண்டுபிடிப்பு மட்டுமன்று, கொள்முதல் முறையும் ஆகும்.

நான்கு மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் கூட்டாக 2009இல் எரிசக்தித் திறன் சேவை நிறுவனத்தைத் தொடங்கின. நாடு முழுவதற்குமான தேவையை ஒன்றாகத் திரட்டி, கோடிக்கணக்கான பல்புகளுக்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரும் முறையை அந்நிறுவனம் கையாண்டது. 2014இன் தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 2015 ஜனவரி 5 அன்று வீடுகளுக்கான உஜாலா திட்டமும் தெருவிளக்குகளுக்கான தேசியத் திட்டமும் ஒரே நாளில் தொடங்கப்பட்டன. உஜாலா வழியாக இதுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் விற்பனையாகியுள்ளன. தெருவிளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன. 20 வாட் எல்இடி குழல்விளக்கும் 50 வாட் மின்விசிறியும் பின்னர்ச் சேர்ந்தன. 2017இல் அதே நிறுவனம் பெரிய அரசுக் கட்டடங்களின் விளக்கு, விசிறி, குளிரூட்டிகளை மாற்றும் திட்டத்தையும் தொடங்கியது.

இதன் பிறகு தூரிகையில்லா மோட்டார் கொண்ட மின்விசிறி சந்தைக்கு வந்தது. இது ஏறத்தாழ 30 வாட்டில் பழைய விசிறியின் காற்றைத் தருகிறது. இம்மாற்றங்கள் சேர்ந்து என்ன தரும் என்பதை மாணவர்கள் கீழ்க்காணும் கணக்கால் அறியலாம்.

ஒரு வகுப்பறையின் கணக்கு

நான்கு குழல்விளக்குகளும் நான்கு மின்விசிறிகளும் உள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். அவை நாளொன்றுக்கு 6 மணி நேரம், ஆண்டில் 200 நாள் இயங்குவதாகக் கொள்வோம். மொத்தம் 1,200 மணி நேரம்.

பழைய பொருத்துகள்: விளக்கு 4 × 52 = 208 வாட்; விசிறி 4 × 75 = 300 வாட்; மொத்தம் 508 வாட். ஆண்டுச் செலவு 508 × 1,200 ÷ 1,000 = 609.6 யூனிட்.

புதிய பொருத்துகள்: விளக்கு 4 × 20 = 80 வாட்; விசிறி 4 × 30 = 120 வாட்; மொத்தம் 200 வாட். ஆண்டுச் செலவு 240 யூனிட்.

மிச்சம் 369.6 யூனிட், அதாவது ஏறத்தாழ 60 விழுக்காடு. இதில் விளக்கைவிட விசிறியால் வரும் சேமிப்பே அதிகம் என்பதைக் கவனிக்க: விளக்கால் 128 வாட், விசிறியால் 180 வாட். எல்இடி பற்றியே எங்கும் பேச்சு இருந்தாலும், சமவெளிப் பள்ளிக்கு விசிறிதான் பெரிய வாய்ப்பு. மின்விசிறியை அரிதாகவே சுழற்றும் மலைப்பள்ளியில் இக்கணக்கு தலைகீழாகும். அங்கே விளக்கை மாற்றுவதே முதல் வேலை. விசிறிக்கான பணத்தைச் சன்னல் பெரிதாக்கவோ ஒளிபுகும் ஓடு பதிக்கவோ செலவிடலாம். ஒரே பட்டியல் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

கட்டடத்துக்கு வெளியே: மோட்டாரும் தெருவிளக்கும்

ஓர் ஊராட்சியின் மின்கட்டணத்தில் பெரும்பகுதி அலுவலக விளக்குக்குப் போவதில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் போகிறது. திண்டுக்கல் சமவெளியில் தண்ணீர் எப்போதும் அரிதானது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம், வைகைக் கரையின் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எனத் தொலைவிலிருந்து நீர் கொண்டுவந்தும் நகருக்குப் போதாத ஆண்டுகள் உண்டு. சிற்றூர்களில் ஆழ்துளைக் கிணறே துணை.

நீர்மட்டம் இறங்க இறங்க, ஒரு குடம் தண்ணீரை மேலேற்ற ஆகும் மின்சாரம் கூடுகிறது. ஆழத்துக்குப் பொருந்தாத மோட்டார், பலமுறை காயில் கட்டப்பட்ட மோட்டார், கசியும் குழாய், கப்பாசிட்டர் இல்லாத இணைப்பு ஆகிய ஒவ்வொன்றும் மேலும் விரயத்தைச் சேர்க்கும். மோட்டார் எரிந்தால் அன்றே தண்ணீர் வேண்டும் என்பதால், கிடைத்ததைப் பொருத்திவிடுவது இயல்பு. திறன் மிக்க மோட்டாரைத் தேர்ந்தெடுக்க நேரம் இருப்பதில்லை. ஆகவே கண்மாய் தூர்வாருவதும் மழைநீர் சேமிப்பதும் மின்சிக்கனத்தின் பகுதியே. தமிழகத்தில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும்.

தெருவிளக்கில் பாதரச ஆவி விளக்கு, சோடிய ஆவி விளக்கு, குழல்விளக்கு, எல்இடி எனத் தலைமுறைகள் மாறின. விளக்கு மாறியபோதும் ஒரு பழைய குறை பல ஊர்களில் தொடர்கிறது: காலை விடிந்த பின்னும் எரியும் விளக்கு. சுவிட்சை அணைக்கும் ஆள் தாமதித்தால், எந்தப் புதிய விளக்கும் அந்த விரயத்தைத் தடுக்காது. நேரம் பார்த்து அணைக்கும் தானியங்கிக் கருவி இதற்கு எளிய மருந்து.

கூரையில் சூரியன்

2011க்குப் பின் தமிழக அரசு சூரிய ஆற்றலில் கவனம் செலுத்தியது. மூன்று இலட்சம் பசுமை வீடுகளைச் சூரிய விளக்குகளுடன் கட்டவும் ஓர் இலட்சம் தெருவிளக்குகளைச் சூரிய ஆற்றலுக்கு மாற்றவும் திட்டமிடப்பட்டது. 2012 அக்டோபரில் வெளியான தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை, புதிய அரசுக் கட்டடங்களிலும் உள்ளாட்சிக் கட்டடங்களிலும் கூரைமேல் சூரியத் தகடு அமைக்க வேண்டும் என்றது. 2019இல் புதிய கொள்கை வெளியாயிற்று.

சூரியத் தகடு மின்சாரம் தருகிறது. அது மின்சிக்கனம் ஆகாது. இரண்டும் வேறு. விரயமாகும் விளக்குகளை வைத்துக்கொண்டு தகடு பொருத்தினால், விரயத்துக்காக அதிகத் தகடு வாங்க நேரும். முதலில் தேவையைக் குறைத்து, பிறகு மீதித் தேவைக்குத் தகடு பொருத்துவதே சிக்கனமான வரிசை. ஊர்களில் இந்த வரிசை அடிக்கடி தலைகீழாக நடந்தது. மின்கலம் செத்துப்போய், தகடு மட்டும் வானம் பார்த்து நிற்கும் சூரியத் தெருவிளக்குகளைப் பல சாலைகளில் காணலாம். மின்கலத்தை மாற்றும் செலவு எந்தத் தலைப்பில் வரும் என்று முன்கூட்டியே எழுதிவைக்காததே காரணம்.

சேமிப்பு யாருக்குத் திரும்புகிறது?

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி இக்கேள்விக்கு ஒரு விடை தந்தது. தெருவிளக்குக்குச் சூரிய ஆற்றலையும் நீரேற்றுவதற்கு மரக்கழிவு வாயுவையும் அந்த ஊராட்சி முன்னரே சோதித்துப் பார்த்தது. பின்னர் 2006இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. அதில் கிடைத்த மின்சாரம் ஊராட்சியின் தேவையை ஈடுகட்டியது. உபரி மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. காற்றாலை மின்சிக்கனக் கருவி அன்று. எனினும் மின்சாரக் கணக்கின் வரவையும் செலவையும் ஓர் ஊராட்சி தன் கையில் எடுத்துக்கொண்டதால், அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் ஊராட்சியின் வருவாயாயிற்று. மின்சாரத்தைக் கவனிக்கக் காரணம் பிறந்தது.

மற்றொரு விடை மகாராட்டிரத்தின் அகோலா நகரில் கிடைத்தது. அந்நகராட்சியின் 11,500 பழைய தெருவிளக்குகளை ஒரு தனியார் நிறுவனம் தன் செலவில் மாற்றிக் கொடுத்தது. மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்தே அது தன் முதலீட்டைப் பெற்றுக்கொள்ளும் என்பது ஒப்பந்தம். மின்செலவு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. விளக்கு எரியாவிட்டால் நிறுவனத்துக்கும் நட்டம் என்பதால் பராமரிப்பும் நடந்தது.

இவ்விரண்டும் இல்லாத சராசரிச் சிற்றூரில் நிலை என்ன? கட்டடம் ஒரு திட்டத்தின் நிதியில் எழுகிறது. குறைந்த விலை கூறிய ஒப்பந்ததாரர் குறைந்த விலை விசிறியைப் பொருத்துகிறார். அவர் மின்கட்டணம் கட்டப்போவதில்லை. கட்டணம் வேறொரு கணக்கிலிருந்து போகிறது. தலைமையாசிரியர் கண்ணும் கருத்துமாக விளக்கை அணைத்து நூறு யூனிட் மிச்சப்படுத்தினால், அந்தத் தொகை பள்ளிக்கு ஒரு பெட்டிச் சுண்ணக்கட்டியாகவும் திரும்புவதில்லை. யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் யாருக்கும் சேமிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதற்கிடையே கணினி, உயர்தொழில்நுட்ப ஆய்வகம், திறன்பலகை என்று பள்ளியின் மின்சுமை கூடிவருகிறது. விளக்கிலும் விசிறியிலும் மிச்சமானது புதிய கருவிகளில் கரைகிறது.

பழமை கற்பிக்கும் புதுமை

அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் குளிர்கூரை பற்றிய பேச்சு எழுந்துள்ளது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்ணிறப் பூச்சைத் தளத்தின்மேல் அடிப்பதே இதன் அடிப்படை. கோடைக்கு முன் மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடிப்பதும் தட்டோடு பதிப்பதும் நம் ஊர்க் கொத்தனார்கள் அறிந்தவையே. மேற்குச் சுவரை ஒட்டி வேம்போ புங்கையோ வளர்ப்பதும் அவ்வகையில் சேரும். சின்னாளபட்டி அருகே 1947இல் டாக்டர் சௌந்தரம், ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் தோற்றுவித்த காந்திகிராமம், உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு எளிய வாழ்வை அமைப்பதைத் தன் கொள்கையாகக் கொண்டது. அங்கு வளர்ந்த கிராமியப் பல்கலைக்கழகம் ஊரக எரிசக்தியை ஒரு பாடத்துறையாகவே கற்பித்து வருகிறது. திண்டுக்கல் வட்டாரத்துக்கு இத்துறையில் அறிவு வெளியிலிருந்து வரவேண்டிய கட்டாயம் இல்லை.

மாணவர்கள் செய்யக்கூடியவை

மின்சிக்கனத்தின் முதல் படி அளவிடுதல். பள்ளியின் மீட்டரை ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஒரே நேரத்தில் படித்து, ஒரு நோட்டில் எழுதி வரலாம். மின்வாரியக் கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவோடு அதை ஒப்பிடலாம். விடுமுறை வாரத்திலும் மீட்டர் ஓடியிருந்தால், ஏதோ ஒரு கருவி வீணே இயங்குகிறது என்று பொருள். பெரும்பாலும் அது அணைக்க மறந்த மோட்டாராகவோ குளிர்பெட்டியாகவோ இருக்கும்.

அடுத்து, பிற்பகல் 2 மணிக்கு ஓட்டுக் கட்டட அறையிலும் கான்கிரீட் அறையிலும் வெப்பமானியை வைத்து ஒப்பிடலாம். மூன்றாவதாக, கழற்றிய பழைய குழல்விளக்குகள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். அவற்றுள் பாதரசம் உள்ளது. உடைத்துக் குப்பையில் கொட்டினால் மண்ணும் நீரும் கெடும். அவற்றை முழுதாகச் சேகரித்து ஒப்படைக்க வேண்டும்.

இவ்வாறு எழுதிய நோட்டைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராமசபைக் கூட்டத்திலும் படிக்கலாம். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராமசபையில் ஊராட்சியின் வரவு செலவு வைக்கப்படுகிறது. மின்கட்டணத்தை ஒரே தொகையாகக் கேட்காமல், மோட்டாருக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு, கட்டடங்களுக்கு எவ்வளவு எனப் பிரித்துக் கேட்கும் உரிமை அங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. அப்படிக் கேட்கத் தொடங்கும் ஊரில், அடுத்த மோட்டார் வாங்கும்போது விலையோடு அதன் மின்செலவும் பேசப்படும்.